எழுபத்திரண்டு கால்

ரெக்ஸின் ரோல் தீர்ந்துபோனது செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி வாக்கில். அறுபத்து நாலாவது பஸ் சீட்டுக்கு உறை வெட்டி முடித்துவிட்டு அடுத்ததற்கு இழுக்கப் போன கணக்கக்காவின் கைக்கு, உள்ளே இருந்த அட்டைக் குழாய்தான் கடகடவென்று உருண்டு வந்தது. குழாயோடு ஒட்டிக்கொண்டு ஒரு துண்டு மட்டும் நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. அளந்து பார்த்தாள். கால் மீட்டர்.

"ஏம்மா, இன்னொரு ரோலை எங்க வச்சே?"

மிஷினில் உட்கார்ந்திருந்த நாத்தனார் மிதியிலிருந்து பாதத்தை எடுத்தாள். மிஷின் ஒரு முனகலோடு நின்றது. "இன்னொரு ரோலா? மூணுதானே அண்ணி வந்துச்சு. ரெண்டு முழு ரோல், ஒண்ணு குறை ரோல். மூணையும் வெட்டியாச்சே."

"இன்னும் எட்டு சீட்டு இருக்கே!"

நாத்தனார் கையிலிருந்த உறையின் விளிம்பை நகத்தால் நீவிவிட்டுக்கொண்டிருந்தாள்.

கணக்கக்கா விடவில்லை. நுரைப் பலகைகளை நகர்த்தினாள். பசை டின்களுக்குப் பின்னால் பார்த்தாள். பழைய உறைகளை உரித்துக் குவித்திருந்த மூலையில் குனிந்து கிளறினாள். தூசு கிளம்பி தும்மல் வந்ததுதான் மிச்சம்.

அந்த வீட்டின் முன்கூடம்தான் பட்டறை. பின்னால் ஓர் அறை, ஒரு சமையலறை, அவ்வளவுதான். பஸ் சீட்டுகளுக்கு மேலுறை மாற்றித் தருவது தொழில். பட்டறையை ஆரம்பித்தவர் கணக்கக்காவின் கணவர். தெருவில் அவருக்கு சீட்டுக்காரர் என்று பெயர். புதிதாகக் குடிவந்தவர்கள் அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, ஆள் ராப்பகலாகச் சீட்டாடுகிறவர் போலிருக்கிறது என்று ஒதுங்கிப் போனதும் உண்டு. ஒருவன் கையில் சீட்டுக்கட்டோடு வந்து, "ஒரு கை குறையுதுண்ணே" என்று வாசலில் நின்றதும் உண்டு.

இப்போது சீட்டுக்காரரால் சீட்டைத் தூக்க முடியாது. இரண்டு மாதத்துக்கு முன்னால் ஓர் இரும்புச் சட்டத்தைத் தூக்கும்போது இடுப்பில் ஏதோ பிடித்தது. பிடித்தது விடவில்லை. இடது காலில் இறங்கி, பாதம்வரை மரத்துப்போய்விட்டது. பலகைக் கட்டிலில் மல்லாந்து கிடந்தபடி, கூடத்தில் கேட்கும் சத்தத்தை வைத்தே வேலையை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். "ஸ்டேப்ளர் பின் சரியா இறங்கலை, சத்தம் பொய்யா இருக்கு", "நூலு லூஸா ஓடுது" என்று அங்கிருந்தே குரல் வரும். பாதி சமயம் அவர் சொல்வது சரியாகவும் இருக்கும். அதுதான் இரண்டு பெண்களுக்கும் எரிச்சல்.

வெட்டுவது கணக்கக்கா. தைப்பது நாத்தனார். நுரையை ஒட்டி, உறையை மாட்டி, இழுத்துப் பின் அடிப்பது இருவரும் சேர்ந்து. ஒரே மகள் கல்யாணமாகி வெளியூர் போய்விட்ட பிறகு வீட்டில் மூன்றே பேர். நாத்தனார் நாலு வருஷத்துக்கு முன்னால் புருஷனை விட்டுவிட்டு ஒரு பெட்டியோடு வந்தவள். எதற்கு வந்தாள் என்று அண்ணன் கேட்கவில்லை. எப்போது போவாய் என்று அண்ணி கேட்கவில்லை. கேட்காததாலேயே அந்தக் கேள்வி வீட்டில் எப்போதும் இருந்துகொண்டிருந்தது. அவள் காலையில் எல்லோருக்கும் முன்னால் எழுந்தாள். கடைசியாகச் சாப்பிட்டாள்.

கணக்கக்கா என்பது தெருவே வைத்த பெயர். டீக்கடைக்காரி ஒருநாள் பாலுக்குச் சொல்லிவைக்க வேண்டும் என்று வாசலில் நின்று, "அக்கா, ஒரு நாளைக்கு மூணே முக்கால் லிட்டர். ஏழு நாளுக்கு எவ்வளவு?" என்றாள். கத்திரிக்கோலை நிறுத்தாமலே, "நாலேழு இருபத்தெட்டு. ஏழு கால் ஒண்ணே முக்கால். அதைக் கழிச்சுட்டா இருபத்தாறே கால்" என்றாள் கணக்கக்கா. காலும் அரையும் முக்காலும் அவளுக்கு வீட்டு மனுஷர்கள் மாதிரி. பள்ளிக்கூடத்தில் ஆறாவதோடு நின்றவள். ஆனால் கணக்கு என்று வந்துவிட்டால் அவள் சொன்னதுதான் சொல். சீட்டுக்காரரே அதில் வாயைத் திறப்பதில்லை.

அதனால்தான் ரோல் தீர்ந்துபோன அந்தக் காலையில், தப்பு எங்கே என்று மூன்று பேருமே வேறு இடங்களில் தேடினார்கள்.

"கடைக்காரன் குறைச்சு அளந்திருப்பான்" என்றார் சீட்டுக்காரர் கட்டிலில் இருந்தபடி. "பில்லை எடு."

பில் ஆணியில் தொங்கியது. நாத்தனார்தான் எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் படித்தார்.

"நூத்தி நாப்பத்தி நாலே கால் மீட்டர்னு போட்டிருக்கான். இதுதான் நாம சொன்னதா?"

தகரக் கூரையில் மழை தூறிக்கொண்டிருந்தது. ஒரு வாரமாக இதே தூறல். பசை காயவே மாட்டேன் என்றது. மேசை விசிறியை அதன் எதிரில் வைத்துவிட்டு, மனுஷர்கள் வியர்த்துக்கொண்டிருந்தார்கள்.

"போன்ல சொன்னது யாரு?"

"நான்தாண்ணே" என்றாள் நாத்தனார்.

"என்ன சொன்னே?"

"அண்ணி சொன்னதைச் சொன்னேன்."

"அண்ணி சொன்னதை நீ சொல்லியிருந்தா இந்தக் கதி ஏன் வருது? ஏண்டி, காதை எங்கடி அடகு வச்சிருந்தே? ஒரு நம்பரைக் கேட்டு ஒரு நம்பரைச் சொல்றதுக்குக்கூட உனக்கு ஆள் வைக்கணுமா? சனிக்கிழமை மூணு பஸ்ஸையும் கொடுக்கணும். திங்கட்கிழமை கம்பெனிக்காரன் அதுல வேலையாளுங்களை ஏத்தப் போறான். எட்டு சீட்டுக்கு நான் என் தோலை உரிச்சா தைக்க முடியும்?"

அவர் கத்தத் தொடங்கினால் வலியும் சேர்ந்து கத்தும். கணக்கக்கா கட்டிலின் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தாள். பில்லில் இருந்த எண் அங்கிருந்தே தெரிந்தது. கடைக்காரனின் கொட்டை எழுத்து.

நூற்று நாற்பத்து நாலே கால்.

நூற்று நாற்பத்து நாலு என்பது சரிதான். எழுபத்திரண்டு சீட்டுக்கு இரண்டிரண்டு மீட்டர். ஒரு சீட்டுக்கு ஆவது இரண்டேகால். அந்தக் கால் எங்கே? இதோ இருக்கிறது, கடைசியில். ஒரே ஒரு கால். எழுபத்திரண்டு சீட்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு கால்.

எழுபத்திரண்டு காலுக்குப் பதினெட்டு முழு மீட்டர். நூற்று அறுபத்திரண்டு வாங்கியிருக்க வேண்டும். டீக்கடைக்காரியே கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பாள்.

எப்போது சொன்னோம் என்பதும் அவளுக்கு நினைவுக்கு வந்தது. ஆஸ்பத்திரி நடைபாதை. சீட்டுக்காரரை ஸ்கேன் எடுக்க உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். ஆபரேஷன் வேண்டியிருக்குமா, கால் பழையபடி வருமா என்று டாக்டர் வாயிலிருந்து இன்னும் ஒரு வார்த்தை வரவில்லை. போன் அடித்தது. நாத்தனார்: "அண்ணி, கடைக்காரர் லைன்ல இருக்கார். எத்தனை மீட்டர்னு உடனே சொல்லணுமாம்." இவள் கதவைப் பார்த்தபடியே சொன்னாள்: "ஒண்ணுக்கு ரெண்டேகால். எழுபத்திரண்டு. நூத்தி நாப்பத்தி நாலே கால்னு சொல்லிடு." அந்தப் பக்கம் ஒரு நொடி தயக்கம். "அண்ணி, அந்தக் கால்..." என்று இழுத்தாள் நாத்தனார். "அதான் நாலே கால்னு சொல்லிட்டேனே! கணக்கை என்கிட்ட விடு, நீ தைக்கிறதைப் பாரு" என்று போனை வைத்தாள் இவள்.

இத்தனையும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. கணவர் இன்னும் கத்திக்கொண்டிருந்தார். நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். 'நான்தாங்க தப்பாச் சொன்னேன்' என்ற மூணு வார்த்தையைச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. கணக்கக்காவின் வாய் திறந்தது. "சரி விடுங்க, கத்தி என்ன ஆகப்போகுது, நான் போய்த் துணி கிடைக்குதான்னு பார்க்குறேன்" என்று மட்டும் சொல்லி மூடிக்கொண்டது.

அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். முதலில் துணி கிடைக்கட்டும்.

*

புதன்கிழமை முழுக்க நடந்தாள். கையில் அந்தக் கால் மீட்டர் துண்டு. கரு நீலம், மேலே மணல் தூவினாற்போல் ஒரு சொரசொரப்பு. வாங்கிய கடையில் அந்தச் சரக்கு தீர்ந்துபோயிருந்தது. "போன வாரம் கேட்டிருந்தா இன்னொரு முழு ரோலே இருந்துச்சும்மா. வேற ஒருத்தர் வந்து அள்ளிட்டுப் போயிட்டார். இனி புதுச் சரக்கு வர ஒரு மாசம் ஆகும். வந்தாலும் இதே நிறமா வரும்னு சொல்ல முடியாது" என்றார் கடைக்காரர். இரண்டாவது கடையில் நீலம் இருந்தது, சொரசொரப்பு இல்லை. மூன்றாவதில் சொரசொரப்பு இருந்தது, நீலம் பச்சைப் பக்கம் சாய்ந்திருந்தது. நாலாவது கடையில் இருந்த பெண், துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எத்தனை மீட்டர் குறையுதுக்கா?" என்று கேட்டாள்.

"பதினேழே முக்கால்."

"அவ்வளவு எப்படிக் குறையும்? ஒண்ணு ரெண்டு குறைஞ்சா கைத்தப்புன்னு சொல்லலாம்."

கணக்கக்கா துண்டை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். குடையின் ஒரு கம்பி ஒடிந்து தொங்கியது. பஸ் நிறுத்தத்தில் நின்றபடி ஒரு ரொட்டியைப் பிய்த்துத் தின்றாள். முழங்கால் இரண்டும் கழன்று கையோடு வந்துவிடும்போல் இருந்தது. ஐம்பத்து மூன்று வயது. இந்தக் களைப்பு இன்று நடந்ததால் வந்த களைப்பு இல்லை என்று அவளுக்குத் தெரியும். இரண்டு மாதமாகக் கணவரைத் தூக்கி உட்காரவைத்து, துடைத்துவிட்டு, இந்தப் பக்கம் வந்து கத்திரி பிடித்து, அந்தப் பக்கம் போய் அடுப்பைப் பார்த்த களைப்பு. அதைக் காரணமாகச் சொன்னால் யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். ஆனால் கணக்கக்கா களைப்பில் கணக்கைத் தப்பவிட்டாள் என்று ஆகிவிட்டால், அப்புறம் அவளிடம் அவளுடையது என்று சொல்ல என்ன இருக்கிறது?

வீட்டுக்கு வந்தபோது நாத்தனார் உருளைக்கிழங்கு வேகவைத்திருந்தாள். வேலையும் நிற்கவில்லை. வெட்டிவைத்த உறைகளை எல்லாம் தைத்து முடித்து, தன்னால் முடிந்த சீட்டுகளுக்குத் தனியாகவே மாட்டிப் பின்னும் அடித்திருந்தாள். ரெக்ஸினை இழுத்துப் பிடித்து இழுத்துப் பிடித்து, இரண்டு கட்டைவிரலும் வீங்கியிருந்தன.

"கிடைச்சுதா அண்ணி?"

"இல்லை."

"வெந்நீர் வச்சிருக்கேன். காலை வைங்க."

வேறு யாராவது சொல்லியிருந்தால் அது ஓர் ஆறுதலாக இருந்திருக்கும். கணக்கக்கா வெந்நீரில் பாதத்தை வைத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள்.

*

வியாழக்கிழமை பஸ்காரரைப் பார்க்கப் போனாள். ஊரின் விளிம்பில் ஒரு பெரிய தகரக் கொட்டகை. மூன்று பஸ்களும் சீட்டுகள் கழற்றப்பட்டு, சாமான் ஏற்றிவிட்ட வாடகை வீடுபோல் உள்ளே வெறுமையாக நின்றன. பஸ்காரர் டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். பெரிய உடம்பு, சின்னக் குரல்.

"என்னம்மா, சீட்டுக்காரர் எழுந்து நடக்குறாரா?"

"சுவரைப் பிடிச்சுக்கிட்டு நடக்குறாருங்க. ஆபரேஷன் வேணாம்னு சொல்லிட்டாங்க. நான் ஒரு விஷயம் சொல்லணும்."

சொன்னாள். துணி பற்றவில்லை, எட்டு சீட்டுக்கு அதே நிறம் ஊரில் எங்கும் கிடைக்கவில்லை. அவர் டீயை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார்.

"அறுபத்து நாலு சீட்டு வரைக்கும் வந்துட்டு இப்பப் போய்த் துணி பத்தலைன்னா எப்படிம்மா? ஆரம்பத்துலயே கணக்குப் போட மாட்டீங்களா? உங்களைத்தானே கணக்கக்காங்கிறாங்க?"

அந்தக் கேள்விதான் அவளைக் கவிழ்த்தது. இல்லாவிட்டால் சொல்லியிருப்பாளோ என்னவோ.

"நான் சரியாத்தாங்க சொன்னேன். வீட்டுல ஒரு பொண்ணு இருக்கு. அது போன்ல சொல்லும்போது..." என்றாள். வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இருக்கவில்லை.

"அதானே பார்த்தேன்" என்றார் பஸ்காரர். "அந்தப் பொண்ணை இனிமே போனைத் தொட விடாதீங்க. சரி, என்ன பண்றது? மூணாவது பஸ்ல பின்னால எட்டு சீட்டும் கறுப்பா போட்டுடுங்க. கறுப்பு எதுகூடவும் ஒத்துப்போகும். வேலைக்குப் போற ஆளுங்க தூங்கத்தான் உட்காருவாங்க, நிறமா பார்க்கப் போறாங்க?"

பிரச்சினை இவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது. கணக்கக்காவுக்குத்தான் நெஞ்சிலிருந்து எதுவும் இறங்கவில்லை. கடைக்குப் போய்க் கறுப்பு ரெக்ஸின் கேட்டாள். எட்டு சீட்டு, இரண்டேகால். எட்டு இரண்டு பதினாறு, எட்டு கால் இரண்டு. பதினெட்டு. விரல் விட்டே போட்டுவிடக்கூடிய இந்தக் கணக்கைக் கடைக்காரரிடம் ஒரு காகிதம் வாங்கி எழுதிப் பார்த்தாள். பிறகு எட்டு தடவை இரண்டேகால் என்று வரிசையாக எழுதிக் கூட்டியும் பார்த்தாள். பதினெட்டுதான் வந்தது.

அவள் வீடு திரும்புவதற்குள் பஸ்காரரின் போன் வீட்டுக்கு வந்துவிட்டிருந்தது. அவர் கெட்ட மனுஷர் இல்லை. உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிக்கத்தான் கூப்பிட்டிருக்கிறார். பேச்சோடு பேச்சாக, "அந்தப் பொண்ணு கொஞ்சம் கவனமா இருக்கணும் சீட்டுக்காரரே" என்று சொல்லியிருக்கிறார்.

"ஊருக்கே தெரிஞ்சுபோச்சு" என்றார் சீட்டுக்காரர், மனைவி உள்ளே நுழைந்ததும் நுழையாததுமாக. தங்கை சமையலறை வாசலில் நின்றாள். "இங்க பாரு, இனிமே இந்த வீட்டுல போன் அடிச்சா நீ எடுக்க வேணாம். அடிச்சு அடிச்சு நின்னுபோனாலும் பரவாயில்லை. தைக்கிறதோட நிறுத்திக்க."

நாத்தனார் கணக்கக்காவைப் பார்த்தாள். நேராக, நிதானமாக, கண் கொட்டாமல். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். அதில் ஒரு கேள்விதான் இருந்தது. கணக்கக்கா கறுப்பு ரோலைச் சுவரோரம் சாய்த்துவைக்கப் போனாள்.

"சரிண்ணே" என்றாள் நாத்தனார்.

*

வெள்ளிக்கிழமை காலை, வெட்டிக்கொடுத்த எட்டில் ஐந்தைத் தைத்துவிட்டு, "ஒரு மணி நேரம் வெளியே போயிட்டு வரேன்" என்று கிளம்பினாள் நாத்தனார். அவள் அப்படிச் சொல்லி வெளியே போனதே இல்லை. திரும்பி வந்தபோது தலைமுடியில் மழைத்துளி. மிஷினில் உட்காராமல் நடுக்கூடத்தில் நின்றாள். சீட்டுக்காரர் அன்றைக்குக் கொஞ்சம் எழுந்து நாற்காலியில் உட்கார்ந்து, ஓர் உறையின் ஓரத்தைக் கத்தரித்துக்கொண்டிருந்தார்.

"துணிக் கம்பெனியில வேலை கேட்டிருந்தேன்ணே. கிடைச்சிருச்சு. தங்க இடமும் அங்கேயே இருக்கு. திங்கட்கிழமை சேரணும். ஞாயித்துக்கிழமை கிளம்புறேன்."

சீட்டுக்காரர் கத்தரிக்கோலை வைத்தார். "ரெண்டு வார்த்தை சொன்னா ரோஷம் வந்துருமோ?"

"ரோஷம் இல்லை."

"பின்ன என்ன? தப்பு பண்ணினா சொல்லத்தான் செய்வாங்க. அதுக்குப் பெட்டியைத் தூக்கிடுறதா? புருஷன் வீட்டுலயும் இப்படித்தான் தூக்கினே..."

"என்னங்க!" என்றாள் கணக்கக்கா.

இரண்டு பேரும் திரும்பினார்கள். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. வெட்டும் மேசைக்குப் போனாள். அளவு குறிக்கிற சாக்குக்கட்டியை எடுத்து, மேசையில் எழுதினாள். எழுதிக்கொண்டே சொன்னாள்.

"ஒரு சீட்டுக்கு ரெண்டேகால். எழுபத்திரண்டு சீட்டு. ரெண்டை எழுபத்திரண்டால பெருக்கினா நூத்தி நாப்பத்தி நாலு. காலை எழுபத்திரண்டால பெருக்கினா பதினெட்டு. ரெண்டும் சேர்த்து நூத்தி அறுபத்திரண்டு. இதுதான் கணக்கு. நான் ரெண்டை மட்டும் பெருக்கினேன். காலைப் பெருக்காம அப்படியே ஒட்டவச்சுட்டேன். நூத்தி நாப்பத்தி நாலே கால்னு சொன்னது நான். ஆஸ்பத்திரியில நின்னுக்கிட்டு நான் சொன்னேன். அவ அதைத்தான் கடைக்காரர்கிட்ட சொன்னா. ஒரு எழுத்து மாத்தலை."

கூடத்தில் விசிறி மட்டும் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தது.

சீட்டுக்காரர் மேசையையே பார்த்தார். "எப்பத் தெரியும் உனக்கு?"

"செவ்வாய்க்கிழமை."

"நான் கத்தும்போதா?"

"நீங்க கத்தும்போதே. பில்லைப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுமா பஸ்காரர்கிட்ட..."

"ஆமா. தெரிஞ்சுதான் சொன்னேன்."

அவர் தங்கையைப் பார்த்தார். அவள் பக்கம் இருந்த கையைக் கொஞ்சம் தூக்கினார். எதற்குத் தூக்கினோம் என்று தெரியாமல் தன் மரத்துப்போன தொடையின் மேலேயே வைத்துத் தேய்த்துக்கொண்டார். "எல்லாம் என் காலால வந்தது" என்றார், யாருக்கென்று இல்லாமல். பெருக்காமல் விட்ட காலும் மரத்துப்போன காலும் ஒரே பெயராகிவிட்ட வேடிக்கை வேறு ஒரு நாளில் மூன்று பேரையும் சிரிக்க வைத்திருக்கும்.

நாத்தனார்தான் முதலில் அசைந்தாள். மிஷின் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எனக்கு அன்னிக்கே தெரியும் அண்ணி."

"என்ன தெரியும்?"

"தப்புன்னு. போன்லயே 'அந்தக் கால்'னு ஆரம்பிச்சேன். நீங்க விடலை. அன்னிக்கு சாயங்காலம் ஒரு காகிதத்துல போட்டுப் பார்த்தேன். நூத்தி அறுபத்திரண்டுன்னு வந்துச்சு. நீங்க வந்ததும் சொல்லணும்னு வச்சிருந்தேன். நீங்க கண்ணெல்லாம் சிவந்துபோய் வந்தீங்க. சரி, காலையில சொல்லலாம்னு விட்டேன். காலையில பார்த்தா, நான் போட்ட கணக்கு சரியா இருக்கும், நீங்க போட்ட கணக்கு தப்பா இருக்கும்னு எப்படிச் சொல்றதுன்னு வாய் வரலை. சொல்லி, அது சரின்னு ஆயிட்டா, நீங்க என் மேல..." நிறுத்தினாள். "நான் இந்த வீட்டுல சாப்பிடுறவ. உங்களைத் தப்புன்னு சொல்லிட்டு எப்படித் தட்டுல கை வைக்கிறது?"

"அன்னிக்கே சொல்லியிருந்தா இன்னொரு ரோல் கடையிலயே இருந்துச்சாமே" என்றார் அண்ணன். இந்த முறை குரலில் சூடு இல்லை.

"ஆமாண்ணே. அந்தத் தப்பு என்னோடதுதான். அதுக்காக நீங்க திட்டினா வாங்கிக்கறேன். நீங்க திட்டினது வேற தப்புக்கு."

கணக்கக்கா சாக்குக்கட்டியை வைத்துவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. அத்தனை களைப்பு. "போகாதேம்மா" என்றாள்.

"மீதி மூணு உறையையும் கொடுங்க. தைச்சு முடிச்சுடலாம். நாளைக்குக் கொடுக்கணும்" என்றாள் நாத்தனார். மிஷின் ஓட ஆரம்பித்தது.

மதியம் மூன்று பேரும் ஒன்றாகச் சாப்பிட்டார்கள். பருப்பும் சோறும் ஆளுக்கு ஒரு முட்டையும். சீட்டுக்காரர் தன் முட்டையைப் பாதியாகப் பிட்டு, தங்கையின் தட்டில் வைத்தார். அவள் அதைச் சாப்பிட்டாள்.

*

சனிக்கிழமை லாரியில் சீட்டுகள் போயின. கணக்கக்காவும் கூடப் போனாள். போல்ட் முடுக்குகிற ஆட்கள் பஸ்ஸுக்குள் ஏறிக்கொண்டிருக்கும்போது பஸ்காரரிடம் போய் நின்றாள்.

"அன்னிக்கு நான் ஒரு பொய் சொல்லிட்டேங்க. கணக்கு தப்பாப் போட்டது அந்தப் பொண்ணு இல்லை. நான்."

பஸ்காரர் மூன்றாவது பஸ்ஸின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "ம்? அதுவா? கறுப்பும் நல்லாத்தாம்மா இருக்கு. அழுக்குத் தெரியாது."

"அது இல்லைங்க. நான் சொல்றது..."

"யாரா இருந்தா என்னம்மா, நேரத்துக்கு வந்திருச்சில்ல? ஏய், அந்த மூலை போல்ட்டை இன்னும் ஒரு சுத்து சுத்து!" என்று உள்ளே பார்த்துச் சத்தம் கொடுத்தார்.

அவள் இரண்டு நாளாக நெஞ்சில் சுமந்து கொண்டுவந்ததை இறக்கிவைக்க அங்கே இடமே இல்லை. வந்த லாரியிலேயே திரும்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை தூறல் விட்டிருந்தது. சீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்தார். "சனி ஞாயிறு வந்துட்டுப் போ" என்றார். "லீவு கிடைச்சா வரேண்ணே" என்றாள் தங்கை. அவ்வளவுதான் பேச்சு. பெட்டியைக் கணக்கக்கா தூக்கிக்கொண்டாள். "குடுங்க அண்ணி" என்று கை நீட்டியதற்கு, "வா பேசாம" என்று முன்னால் நடந்தாள்.

பஸ் நிறுத்தத்தின் பெஞ்சு ஈரமாக இருந்தது. நின்றுகொண்டிருந்தார்கள்.

"உனக்கு அங்க என்ன வேலை?"

"முதல்ல சட்டைக்குக் கை தைக்கிறது. அப்புறம் அளவெடுக்குற பக்கம் மாத்துறேன்னு சொல்லியிருக்காங்க. கணக்கு தெரியுமான்னு கேட்டாங்க."

"என்ன சொன்னே?"

"தெரியும்னு சொன்னேன். ஒரு சட்டைக்கு ஒண்ணே முக்கால் மீட்டர், நாப்பது சட்டைக்கு எவ்வளவுன்னு கேட்டாங்க. எழுபதுன்னேன். கேட்ட அம்மா கால்குலேட்டர்ல தட்டிப் பார்த்துட்டுத் தலையாட்டினாங்க. அங்க நான் தப்பாச் சொன்னா அது என் தப்பா இருக்கும் அண்ணி. சரியாச் சொன்னா அதுவும் என்னோடதா இருக்கும். அதுக்குத்தான் போறேன். கோவிச்சுக்கிட்டுப் போகலை."

கணக்கக்கா தலையை ஆட்டினாள். பெட்டியின் பிடி விரல்களில் பதிந்து சிவந்திருந்தது. கையை மாற்றிப் பிடித்தாள்.

"பஸ்காரர்கிட்டயும் சொல்லிட்டேன்" என்றாள்.

"என்னன்னு?"

"நீ இல்லை, நான்தான்னு."

"அவர் என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லலை. யாரா இருந்தா என்னன்னுட்டார். காதுலயே வாங்கிக்கலை. அவருக்கு அது ஒரு விஷயமே இல்லை."

பஸ் வந்துவிட்டது. நாத்தனார் பெட்டியை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினாள். பிடியில் இரண்டு பேர் கையும் இருந்தது. கண்டக்டர் சீக்கிரம் ஏறச் சொல்லிப் பலகையைத் தட்டினான்.

"எனக்கு அது விஷயம்தான் அண்ணி" என்றாள்.

ஏறிக்கொண்டாள்.